கொறங்காட்டிலிருந்து அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஜெர்மனியில் நீ பார்த்த பண்ணையில் கறிக்கு வளர்க்கும் மாடுகள்கூடக் கன்றும் தாயுமாக மேய்ச்சலிலேயே திரிகின்றன, எட்டு மாதம் வரை கன்று தாயிடமே குடிக்கிறது என்று எழுதியிருந்தாய். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. கறிக்கோ ஏருக்கோ, வளர்க்கிற காலத்தில் மாட்டை மாடாக வாழவிட வேண்டும்.

வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான நம் கொறங்காடும் அதற்காகவே ஏற்பட்டதுதான். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கமெல்லாம் சரளை மண். வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே பெரிது. இதில் உழுது சாகுபடி செய்வதைவிடக் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு மாடு வளர்ப்பது மேல் என்று பெரியவர்கள் கண்டுகொண்டார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே நிழலுக்கு வெள்வேல மரம். படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். கோடையில் புல் தீர்கிற நேரத்தில் வெள்வேலங்காய் உதிரும். மாடுகள் மரத்தடி மரத்தடியாகத் தேடித் தின்னும். மாடு மேய்ந்த பிறகு செம்மறியை விடுவோம். அப்புறம் காட்டை அடைத்துப் போட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் புல் வேரோடு போய்விடும். பொறுமையில்லாமல் எத்தனையோ பேர் காட்டைக் கட்டாந்தரையாக்கிவிட்டார்கள்.

போன வாரம் நம் சாம்பல் நிற மயிலைப் பசு கன்று ஈன்றது. காலையிலேயே கூட்டத்தை விட்டு விலகி வேலியோரம் ஒதுங்கி நின்றது. நான் கிட்டப் போகவில்லை. ஈன்றதும் தலை முதல் கால் வரை நக்கியே கன்றை எழுப்பிவிட்டது. தள்ளாடித் தள்ளாடி எழுந்து சீம்பால் குடித்ததும், கன்றைப் புல் மறைவில் படுக்கவிட்டுப் பக்கத்திலேயே மேய்ந்தது. கட்டுத்தரையில் கயிற்றில் நிற்கிற பசுவுக்கு இதெல்லாம் வாய்க்காது. கிடேரிக் கன்று, நல்ல செவலை. ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். அதற்குள் நீ வந்து பார்த்தால் நல்லது.

அந்தப் பண்ணையில் கறிக்கு மாட்டை லாரியில் ஏற்றாமல், மேய்ந்த இடத்திலேயே ஒரே குண்டில் முடித்துவிடுகிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோது உங்கம்மா எழுந்து போய்விட்டாள். எனக்கென்னவோ அது சரியென்றே பட்டது. சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகிற லாரிகளைப் பார்த்திருக்கிறேன். வாலை முறுக்கி ஏற்றுவார்கள். படுக்க இடமிருக்காது, தண்ணீர் இருக்காது. கறிக்குத்தான் போகிறது என்றாலும் கடைசி நாளில் அந்தப் பயம் எதற்கு?

அந்தப் பண்ணைக்காரரிடம் எனக்காகக் கொஞ்சம் கேட்டு எழுது. ஒரு காட்டை மேய்ந்த பிறகு எவ்வளவு நாள் ஓய்வு விடுகிறார்? ஒரு ஏக்கருக்கு எத்தனை மாடு என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்? பனிக்காலத்துக்குப் புல்லை எப்போது அறுத்துக் காயவைக்கிறார்? கீழ்க்காட்டை ஐப்பசி மழை வரை அடைத்துப் போட்டிருக்கிறேன். காற்றாலைக்கு அந்த இடத்தைக் கேட்டு வந்தார்கள். கொடுப்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா