உன் மகனும் இந்த வளைவுகளைத் தாங்குவான்

மஸ்கெலியா, இலங்கை
மார்ச் மாதம்

அன்பு மச்சான்,

உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிடா, பார்ப்போம்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உள்ளே உன் அம்மா தேங்காய் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறார். என் மகள் பாப்பா மாவு பிசைகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து தலையெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள். அட்டனில் ரூம் போட்டிருந்தோம், அம்மா விடவில்லை. நேற்று இரவு இந்த லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீட்டிலேயே தூங்கினோம்.

பிள்ளையோடு ஊருக்கு வராததற்கு ஆறு வருஷமாக நீ சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அந்த ரோட்டுல சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு எப்படிடா போறது?" உன் மகனுக்கும் பாப்பாவுக்கும் ஒரே வயது. நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி அவிசாவளை வழியாக ஏறினோம். வண்டியோடு வந்த டிரைவர் அண்ணன் நோர்வூட்காரர். பாப்பாவுக்கான சீட்டை நாங்களே ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தோம். நீயும் கொண்டு வா. வாடகை வேனில் அதை எதிர்பார்க்காதே, பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடு. கித்துல்கல வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்துக்கொண்டு வந்தாள். கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் முகம் வெளிறிப்போனது. இரண்டு வாந்தி. என் மனைவி பயந்துபோய்த் திரும்பிவிடலாமா என்றாள். அண்ணன்தான் வண்டியை ஓரம்கட்டி, பாப்பாவின் சீட்டை ஜன்னலோரத்திலிருந்து நடுவுக்கு மாற்றச் சொன்னார். "புள்ள முன்னுக்குப் பாதையப் பாக்கணுங்க. போனக் குடுக்காதீங்க." கையில் இரண்டு கிரீம் கிராக்கர் கொடுத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். அதன் பிறகு முக்கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்தினோம். மேப் நாலு மணி நேரம் என்றது. எங்களுக்கு ஏழு ஆனது. அந்த மூன்று மணி நேரத்தை முன்பே கணக்கில் சேர்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது, மச்சான். கழிப்பறைக்கு வழியில் தேயிலை விற்கும் சென்டர்களில் நிறுத்தினோம். சுத்தமாக இருந்தன, ஒரு பிளேன்டீயும் குடித்த மாதிரி ஆயிற்று.

மறுநாள் அட்டனிலிருந்து நானுஓயா வரை ரயில். வேன் ரோட்டில் வந்து எங்களை எதிர்கொண்டது. வளைவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. சிங்கமலைச் சுரங்கத்தில் பெட்டி முழுக்க "ஓ"வென்று கத்தினார்களே, பாப்பா முதலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் அவளும் கத்த ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் கரண்ட் போனால் நீ ஏன் அப்படிக் கத்துவாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நுவரெலியாவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. குளிர், ஏரி, குதிரை. பாப்பாவுக்குக் குதிரைதான் எல்லாம்.

திரும்பும்போது தலவாக்கலையில் இறங்கினோம். டெவன், சென் கிளயர் அருவிகள் ரோட்டிலிருந்தே தெரிந்தன, ஆனால் நான் இறங்கியது அருவிக்காக இல்லை. என் அப்பா பிறந்த தோட்டம் அங்கே. 1964-ல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் அப்பா 1972-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். வயது 14. மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்து லயம், அங்கேயும் அதே கொழுந்து. தோட்டத்திலிருந்து வீடியோ கால் போட்டேன். அருவியைக் காட்டு, மலையைக் காட்டு என்று எதுவும் கேட்கவில்லை. "பெரட்டுக் களம் இருக்கா?" என்றார். காலையில் ஆட்கள் கூடி வேலை பிரிக்கும் அந்த இடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். பாப்பா அங்கே நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் திரும்பிப் போக டிக்கெட்டோடு இந்த மலைக்கு வந்தவர்கள் நாங்கள்தான். அதை நினைத்து அழுதேன். உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உன் ஊருக்கு வருகிறேன். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் இப்போது தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கிறது. முங்கிப்போன பழைய டவுனின் கோயில் தெரிகிறது. அம்மாதான் கூட்டிப்போய்க் கரையில் நின்று காட்டினார். "பாட்டி, சாமிக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள் பாப்பா. "சாமிய மேட்டுக்குக் கொண்டுபோயிட்டோம் கண்ணு, வீடு மட்டுந்தான் தண்ணிக்குள்ள" என்றார் அம்மா. உன் மகனும் இதைக் கேட்பான், அல்லது இதைவிட நல்லதாக ஒன்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்ல வேண்டும், நீ போனில் சொல்லக் கூடாது.

எப்போது வருவது என்று யோசிப்பாய். மே பிறந்தால் இந்தப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், மண் சரியும், அட்டையும் ஏறும். சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி நுவரெலியாவில் நிற்க இடமிருக்காது. பிப்ரவரி, மார்ச்தான் பிள்ளைக்கு ஏற்றது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் என்பதால் சனி, ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும் மட்டும் இந்த ரோட்டைத் தவிர்த்துவிடு. வழியில் ஓரிரவு அட்டனில் தங்கி, விடிந்ததும் இங்கே வா. ஒரே மூச்சில் ஏறாதே.

அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். முழங்கால் வலி உண்டு, மேட்டுக் கோயிலுக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றார். அனுப்பும் பணம் வருகிறது என்றார், வேறு எதையும் குறையாகச் சொல்லவில்லை.

இன்று காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்தார். நீலம், காதை மூடும் மாதிரி, கையால் பின்னியது. பாப்பாவைக் கூப்பிட்டு அவள் தலையில் மாட்டினார். நெற்றிப் பக்கம் இழுத்துப் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். எங்களுக்குத்தான் தருகிறார் என்று நினைத்து நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டும் ஒரே வயசுதானே தம்பி. இவளுக்குச் சரியா இருந்தா அவனுக்கும் சரியா இருக்கும்" என்று சொல்லி, கழற்றி மடித்து மறுபடியும் பெட்டியில் வைத்தார்.

அன்புடன்,
உன் திருச்சி ரூம்மேட்