வளரி திரும்பி வராது, தாயி

அன்பு மகளுக்கு,

மெல்போர்ன் தமிழ்ப் பள்ளியில் பேரன், சிவகங்கையை ஆண்ட சின்ன மருதுவைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். குரல் கணீரென்று இருந்தது. ஆனால், வளரி என்ற வளைந்த எறியாயுதத்தைப் பற்றி, "வளரி எதிரியின் தலையைக் கொய்துவிட்டு வீசியவர் கைக்கே வந்துவிடும்" என்றானே, அங்கே எனக்குக் கூச்சமாகிவிட்டது. அது நான் உனக்குச் சொன்ன கதை. திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டாய்.

நான் உனக்கு முன்பே ஏமாந்தவன். பத்து வயதில் வளைந்த புளியங்கொம்பு ஒன்றைச் சீவிக் கண்மாய்க் கரையில் நின்று வீசினேன். வீசிய கையை மடக்காமல் காத்திருந்தேன். கொம்பு கருவேலம் புதருக்குள் போய்விட்டது. தேடப் போய்க் காலில் முள் ஏறியதுதான் மிச்சம். என் வீச்சில்தான் குறை என்று நாற்பது வருடம் நம்பினேன்!

வளரிக்கு ஒரு முனை அகன்று கனத்திருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி விடுவார்கள். கனமான மரம் அல்லது இரும்பு. அடித்த இடத்திலேயே விழும். உங்கள் ஊர்ப் பழங்குடிகள் வேட்டைக்கு வீசும் பூமராங்கும் திரும்பாது. திரும்புவது இலேசான வேறு வகை.

சின்ன மருது வளரியில் வல்லவர் என்பது மட்டும் கதையில்லை. அதற்குச் சாட்சி, எதிராளியே. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி 1795 வாக்கில் மருதுவின் சிறுவயல் அரண்மனைக்கு வந்து பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று, 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையென்றால் நூறு கெஜத்துக்குள் குறி தப்பாதாம். திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை. ஆர்க்காட்டு ரூபாயை விரலால் வளைப்பவர் என்று வெல்ஷ் எழுதுவது அண்ணன் பெரிய மருதுவை. பேரன் அதையும் தம்பி கணக்கில் சேர்த்துவிட்டான்.

அதே வெல்ஷ் 1801இல் கம்பெனிப் படையோடு சின்ன மருதுவைத் துரத்தினார். தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், அண்ணனும் தம்பியும் தூக்கில் தொங்கியதையும் பார்த்ததாக எழுதுகிறார். பிடி எப்படிப் பிடிப்பது என்று அந்த வெல்ஷின் கையைத் தொட்டுத் திருத்தியிருப்பார் அல்லவா மருது? அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேரன் இதைப் பேசட்டும்; வெட்டுண்ட தலை எதற்கு?

அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட நாள் அக்டோபர் 24. அதையொட்டி லீவு கிடைக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். திருப்பத்தூருக்கு பஸ்ஸிலேயே போகலாம். இந்த முறை ஜன்னலோரம் பேரனுக்கு.

அன்புடன்,
அப்பா