மேற்குக் கண்ணாடிக்கு பிளைண்ட்ஸ் வேண்டும்: எங்கள் அலுவலகக் கட்டட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டட நிர்வாகக் குழுவினருக்கும் மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம். மேற்குப் பக்க வரிசைகளில் உட்கார்ந்து மெடிக்கல் கோடிங் (நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் பதியும் வேலை) செய்கிறவர்கள் சார்பில் எழுதுகிறேன். விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. டிக்கெட் போட்டிருக்கிறோம், டவுன்ஹால் என்னும் ஊழியர் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறோம், டீம் லீடர் மூலமாகவும் சொல்லியனுப்பியிருக்கிறோம். இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம், போன வாரம் கிளையன்ட் வருகைக்கு முன்னால் நடந்ததுதான். மதிய வெயிலை மறைக்க நாங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்த சார்ட் பேப்பரையும் அட்டைகளையும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களை விட்டுக் கிழித்தெடுக்கச் சொன்னீர்கள். அன்று மாலையே, கண்ணாடியில் எதையும் ஒட்டக் கூடாது, மீறினால் நடவடிக்கை என்று மெயில் வந்தது. அட்டை பார்க்க அழகாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதை எடுத்த இடத்தில் நீங்கள் வேறு எதையும் மாட்டவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு வெயில் நேராக உள்ளே வந்து எங்கள் மானிட்டர்களில் விழுந்தது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மேற்குக் கண்ணாடி முழுவதற்கும் ஏற்றி இறக்கக்கூடிய ரோலர் பிளைண்ட்ஸ் (சுருட்டி ஏற்றும் துணித் திரை) மாட்டித் தாருங்கள்.

நம் கட்டடம் இருக்கும் ஓ.எம்.ஆர்., அதாவது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை, ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. அதனால் சாலையைப் பார்த்து முகப்பு வைத்த கட்டடங்கள் கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கும். நம்முடையது மேற்கு. உச்சி வெயிலைத் தடுக்க ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேட் போதும்; சாய்ந்து வரும் வெயில் அதற்குக் கீழே நுழைந்துவிடும். காலையிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் கிழக்கு வெயில் பட்டுத் திரும்பி நம் தளத்துக்குள் அடிக்கிறது. நாங்களோ ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறோம். மேசைகளை அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்கள் வரிசையில் ஒரு பெண். அனுபவமுள்ள கோடர், புதிதாக வருகிறவர்கள் சந்தேகம் கேட்பதே அவரிடம்தான். மூட்டுத் தேய்மானம் உள்ள ஒரு நோயாளியின் சார்ட் (மருத்துவக் குறிப்பு) வந்தது. வலது முழங்கால் என்றால் கோட் எம்17.11, இடது என்றால் எம்17.12. சாஃப்ட்வேர் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். ஃபேக்ஸிலிருந்து ஸ்கேன் செய்த சார்ட்டில் எழுத்து ஏற்கெனவே வெளிறிய சாம்பல் நிறம். பட்டியல் திறக்கும் இடத்தில்தான் அந்த நேரத்தில் வெயில் பட்டை விழுகிறது. ஒரு கையால் மானிட்டருக்கு மேலே ஃபைலைப் பிடித்து நிழல் உண்டாக்கிக்கொண்டு, மறு கையால் மவுஸை அழுத்தினார். ஒரு வரி தள்ளிப் போய்விட்டது. ஆடிட்டில் பிடித்தார்கள். அவருடைய தரம் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது, அந்த மாத இன்சென்டிவ் போனது. ரிபட்டல் (மறுப்பு) போட்டுப் பார்த்தார். கோட் தவறுதானே, ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அதுவும் போகட்டும். ஃபீட்பேக்கில் காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார்கள். கண்ணில் நீர் வழிய வழிய கவனித்தவருக்குக் கிடைத்த பெயர் அது. அந்தச் சொல்லை இன்னும் யாரும் திரும்பப் பெறவில்லை. அவர் இருக்கைக்குப் பின்னால் இன்னும் பிளைண்ட்ஸும் வரவில்லை.

அதே தளத்தில் மீட்டிங் ரூம்களுக்கு பிளைண்ட்ஸ் இருக்கிறது. கிளையன்ட் உட்காரும் அறைக்கும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ப்ரொஜெக்டர் ஓடும் இடத்தில் வெயில் தொந்தரவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருக்கும் இடத்தில் ஏன் தெரியவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

இதுவரை நீங்கள் சொன்ன மாற்று வழிகளை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை, எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். பிரைட்னஸைக் கூட்டச் சொன்னீர்கள். திரையின் ஒளிர்வை நிட்ஸில் அளப்பார்கள்; சாதாரண அலுவலக மானிட்டர் 250, 300 நிட்ஸ்தான் தரும். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; அலுவலகத்துக்கு 300 முதல் 500 லக்ஸ் போதும். வெளியே நேரடி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். சாயக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்தாலும், மிஞ்சி வருவதோடு மானிட்டர் போட்டி போட முடியாது. இருட்டிய பிறகு அதே பிரைட்னஸ் கண்ணைக் குத்துகிறது. டார்க் மோட் போடச் சொன்னது ஐ.டி. டெஸ்க். அதில் நிலைமை மோசமாகிறது, ஏனென்றால் கருப்புப் பின்னணியில்தான் பிரதிபலிப்பு பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் சார்ட்டுக்கு நடுவில் சொந்தச் சட்டையே தெரிகிறது. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து இருந்தாலாவது கொஞ்சம் அமுங்கும்.

ஆன்டி-கிளேர் ஷீட் ஒட்டித் தருவதாகவும் சொன்னீர்கள். நம் மானிட்டர்கள் ஏற்கெனவே பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ்தான். மேட் பரப்பு ஒளியை விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. மேலேயுள்ள எல்.இ.டி. பேனல் கூர்மையாகத் தெரியாமல் மங்கலான படலமாகிவிடும், அந்த மட்டில் நல்லது. ஆனால் நேர் வெயில் விழுந்தால் அந்தப் படலமே முழுத்திரையையும் வெளுக்கச் செய்துவிடும். அதன்மேல் இன்னொரு ஷீட் ஒட்டினால் எழுத்தின் கூர்மையும் போகும். கண் பரிசோதனை முகாம் நடத்தி புளூ லைட் கண்ணாடிக்கு டிஸ்கவுன்ட் கூப்பன் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை அந்தக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் சிக்கல் நீல ஒளியும் அல்ல. முதுகுப் பக்கமிருந்து வரும் வெயில்.

வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யாமல் பார்த்துக்கொள்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்பது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், 17-ஆவது பிரிவில், விளக்கிலிருந்து நேராக வரும் கூச்சத்தையும் வழவழப்பான பரப்பில் பட்டு வரும் கூச்சத்தையும் இயன்றவரை தடுக்க ஏற்பாடு வேண்டும் என்று சொன்னது. நாம் தொழிற்சாலை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, கம்ப்யூட்டர் வேலைக்கென்றே ஐரோப்பாவில் 1990-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தார்கள். திரையில் தொந்தரவான பிரதிபலிப்பு இருக்கக் கூடாது, ஜன்னல்களுக்கு ஏற்றி இறக்கக்கூடிய மறைப்பு இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அது வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் நாலா பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்ட யாருக்குத் தோன்றியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பழைய மெட்ராஸ் கட்டடங்களில் ஆழமான தாழ்வாரமும் மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல் கதவுகளும் இருந்தன. வெளிச்சம் வரும், வெயில் வராது. இப்போது கண்ணாடி வழியாக வெயிலை உள்ளே விட்டு, அந்தச் சூட்டை வெளியேற்ற நாள் முழுக்க ஏ.சி. ஓட்டி, கண் கூசுகிறதென்று சொல்கிறவர்களுக்கு மெயில் அனுப்புகிறோம். கட்டடத்தின் முகத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், உள்ளே இருப்பவர்களின் முகத்தை ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு வந்து பார்த்திருக்கலாம்.

கட்டடத்தை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. முகப்பு ஒரே மாதிரி தெரிய வேண்டும், கட்டட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்பது உங்கள் தரப்புத் தயக்கம். உட்பக்கமாக, வெளியே ஒரே சாம்பல் நிறம் தெரியும்படி பிளைண்ட்ஸ் மாட்டினால் அதற்கும் வழி உண்டு. நெசவில் உள்ள துளைகள் மொத்தப் பரப்பில் 3 சதவீதத்துக்கு மேல் போகாத துணியாகப் பாருங்கள். வெளியே வானம் தெரியும், கூச்சம் அடங்கும். பிளைண்ட்ஸ் வரும்வரை அட்டை வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். உங்கள் எர்கனாமிக்ஸ் வகுப்பில் மானிட்டரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைக்கச் சொல்கிறீர்கள். தரையோடு முடுக்கிய மேசையை நாங்களாகத் திருப்ப முடியாது. அடுத்த முறை இருக்கை மாற்றும்போது நீங்கள் திருப்பிப் போட்டுத் தாருங்கள்.

மேற்குக் கண்ணாடிக்கு பிளைண்ட்ஸ் எப்போது வரும் என்று ஒரு தேதியைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள். அந்தச் சக ஊழியரின் ஃபீட்பேக்கில் எழுதிய ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நீக்கும்படி தரப்பிரிவுக்கு நீங்களே சொல்ல வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேற்கு வரிசை ஊழியர்கள் சார்பில் ஒருவர்