அணிவகுப்பில் என் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செல்வ ஏற்றத்தாழ்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் படித்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும் என்றார் நண்பர் ஒருவர். எனக்கு அப்படி ஆகவில்லை. என்னைப் பற்றி நான் வைத்திருந்த நினைப்புதான் ஆட்டம் கண்டது.

அதைத் தொடங்கிவைத்தவர் டச்சுப் பொருளியலாளர் யான் பென். 1971இல் அவர் ஒரு கற்பனை அணிவகுப்பை எழுதினார். நாட்டில் சம்பாதிக்கிற எல்லாரும் ஒரு மணி நேரத்தில் நம்மைக் கடந்து போகிறார்கள். வருமானத்துக்கேற்ற உயரம், குறைந்தவர் முதலில். சராசரி வருமானம் உள்ளவருக்குச் சராசரி உயரம். சரி, அரை மணியில் நம் உயரத்து ஆள் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. குள்ளர்களே வந்துகொண்டிருக்கிறார்கள். முடிய 12 நிமிடம் இருக்கும்போதுதான் சராசரி உயரம் தென்படுகிறது. அப்புறம் கடைசி விநாடிகளில் வருபவர்களின் முகமே தெரியாது. தலை மேகத்துக்கு மேலே.

சொத்துக் கணக்கு இன்னும் மோசம். 2022ஆம் ஆண்டு உலக ஏற்றத்தாழ்வு அறிக்கைப்படி, உலகச் சொத்தில் 76 சதவீதம் மேலே உள்ள 10 சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 2 சதவீதம். சம்பளம் வந்த வேகத்தில் செலவாகிவிடும்; சொத்து குட்டி போடும். ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும் சொத்து சுமார் 14 ஆண்டில் இரட்டிப்பாகும். 2 சதவீதம் உயரும் சம்பளம் இரட்டிப்பாக 35 ஆண்டு, கிட்டத்தட்ட ஒருவர் உழைக்கும் காலம் முழுதும், வேண்டும்.

என்னுடன் வேலை செய்பவர் ஒருவர், எனக்குத் தம்பி மாதிரி. ஒரே வேலை, ஒரே சம்பளம். “உனக்குச் சேமிக்கத் தெரியலப்பா” என்று பத்து வருடமாக உபதேசம் செய்து வந்தேன். நான் இருப்பது அப்பா கட்டிய வீட்டில், வாடகை கிடையாது. அவர் வாடகையும் கொடுத்து, அவருடைய அப்பா விட்டுப்போன கடனையும் அடைத்துக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரியாததல்ல. கணக்கில் சேர்க்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். இப்போது உபதேசத்தை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நிம்மதி போலிருக்கிறது.

சிக்கனம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் கட்டுரையில் ஒரு குறை. வருமானத்தையும் சொத்தையும் ஒன்றாகக் கலந்து எழுதியிருக்கிறார்கள். நான் இத்தனை நாள் ஏமாந்தது அந்த இடத்தில்தான். அடுத்த முறை இரண்டையும் தனித்தனி அட்டவணையாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்