ஷ்ரேபர் யாருடைய நோயாளி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மனநலக் கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனநோய் வந்தவர்கள் எழுதும் தன்வரலாறுகள் மனதைத் தொடும், ஆனால் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கும் தரம் அவற்றுக்கு இல்லை என்று கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போதாததற்கு, ஷ்ரேபரை, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டின் நோயாளி ஆக்கியிருக்கிறார். தாங்கள் அறியாததல்ல, ஷ்ரேபர் ஜெர்மனியில் நீதிபதியாக இருந்தவர். தன் நோயைப் பற்றி அவர் எழுதிய நூல் 1903இல் வந்தது. பிராய்டு அவரை நேரில் பார்த்ததே இல்லை. அந்த நூலைப் படித்துத்தான் 1911இல் தன் ஆய்வை வெளியிட்டார். பிராய்டு கோட்பாடு கட்டப் போதுமாக இருந்த புத்தகம், முதலாண்டு மாணவருக்குப் போதாதாம்!

மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறோடு பல ஆண்டுகளாக வாழ்பவள் நான். மருத்துவமனையில் இருந்தபோது என்னைக் 'கேஸ்' ஆக உட்காரவைத்து வகுப்பு நடந்தது. தூக்கம் எப்படி, பசி எப்படி, காதில் குரல் கேட்கிறதா என்று படிவத்தில் உள்ள வரிசை மாறாமல் கேட்டார்கள். இந்த நோய்க்குத் தரும் லித்தியம் மருந்தால் கை நடுங்குகிறது, பிறர் முன்னால் டம்ளரை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்று நான் ஆரம்பித்ததும் நேரமாகிவிட்டது என்றார்கள். அப்புறம் பார்த்தால் என் கோப்பில், மருந்து சாப்பிட ஒத்துழைப்பதில்லை என்று எழுதியிருக்கிறது. இதே நோயுள்ள உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், லித்தியத்தோடு தான் நடத்திய போராட்டத்தை 1995இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். துறை அறிந்தவருக்கே அந்த நிலை. அதைப் படித்த ஒரே ஒரு மாணவர் அன்று அங்கே இருந்திருந்தால் என் பேச்சைப் பாதியில் நிறுத்தியிருக்க மாட்டார்.

ஒருவர் கதையை வைத்து நோயே இப்படித்தான் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். சரி. ஜேமிசனும், மனச்சிதைவு நோயோடு வாழ்வதைப் பற்றி எழுதிய எலின் சாக்ஸும் பேராசிரியர்கள். எழுதவும் பதிப்பிக்கவும் வழியில்லாதவர்களின் அனுபவம் புத்தகமாக வருவதில்லை. அப்படியானால் இன்னும் பலரை எழுதவைக்க வேண்டும். இருப்பதையும் வகுப்பிலிருந்து விரட்டுவது எந்த நியாயம்? அமெரிக்கரான கிளிஃபோர்ட் பியர்ஸ், தன்னை அடைத்துவைத்த மனநல மருத்துவமனைகளில் பட்ட கொடுமைகளை 1908இல் எழுதினார். மறு ஆண்டே அமெரிக்காவில் மனநலத்துக்கான தேசியக் குழுவைத் தொடங்கினார். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வதோடு அந்தப் புத்தகம் முடிந்துவிடவில்லை.

தங்கள் இதழுக்கும் எங்கள் நினைவு வராமல் இல்லை. குற்றச் செய்தி என்றால் முதல் பத்தியிலேயே வருகிறோம். மனநலச் சிறப்பிதழ் என்றால் ஒரு மருத்துவர், ஒரு ஆலோசகர், தலையைக் கையில் பிடித்தபடி இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் அதே படம். அந்தப் படத்தை மாற்றச் சொல்லி முன்பு கடிதம் எழுதினேன். 'பாதிக்கப்பட்டவரின் உருக்கமான குரல்' என்று தலைப்பிட்டு வெளியிட்டீர்கள், நன்றி. படத்தை மாற்றச் சொன்னதில் உருக்கம் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம். ஷ்ரேபர் பற்றிய பிழைக்கு அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், தலைப்பை நானே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி