ஆய்வேட்டை மதிப்பிட இன்னும் எத்தனை மாதம்?

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். மூன்று மனுக்கள் கொடுத்துவிட்டேன், அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்து 14 மாதங்கள் ஆகின்றன. ஒரு தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. இன்னொருவர் தன்னால் மதிப்பிட இயலாது என்று எப்போதோ பதில் எழுதிவிட்டாராம். பட்டியலில் அடுத்திருப்பவருக்கு ஆய்வேடு இன்றுவரை போகவில்லை. போன வாரம் கல்லூரியில் விடுப்பு போட்டுவிட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து உங்கள் தேர்வுப் பிரிவில் நின்றபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. அதுவரை "ரிமைண்டர் போயிருக்கும்மா" என்றுதான் சொன்னார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், ஆய்வேடு கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்கின்றன. நான் கேட்பது அது மட்டும்தான். அடுத்த தேர்வாளருக்கு ஆய்வேட்டை அனுப்புங்கள், வைவா (வாய்மொழித் தேர்வு) தேதியைச் சொல்லுங்கள்.

தகவல் தொழில்நுட்பத்தில் 14 மாதம் என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாததல்ல. என் வேலை தமிழ்க் கையெழுத்தைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது. தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், கொம்பையும் காலையும் தனியே பிரித்துவிட்டால் 156 வடிவங்கள் போதும். அந்த வடிவங்களுக்காக ஊர்ப் பள்ளிகளிலும் ரேஷன் கடை வாசலிலும் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினேன். பகலில் வகுப்பு, இரவில் குழந்தை தூங்கியபின் கணினி நிரல். நள்ளிரவில் மின்சாரம் போய், கணினிக்கு மூன்று நாள் ஓடிய பயிற்சி பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஆறு ஆண்டுகள். ஒப்படைத்த அன்று, என் முறையை மற்ற முறைகளோடு ஒப்பிட்ட அட்டவணை புதிதாக இருந்தது. அதற்குப் பின், படத்தைக் கொடுத்தால் எழுத்தைப் படித்துச் சொல்லும் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. நாளை வைவாவில் ஒருவர் எழுந்து "இவற்றோடு ஏன் ஒப்பிடவில்லை?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஆய்வேடு உங்கள் அலமாரியில் இருந்தது என்றா?

சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்தபின் ஆய்வேடு தரத் தாமதமானால் நாங்கள் அபராதம் கட்டுகிறோம். ஒரு கையொப்பம் குறைந்தால் கோப்பு திரும்பி வருகிறது. எங்களுக்கு இருக்கும் கெடு ஏன் அலுவலகத்துக்கு இல்லை? பட்டம் இல்லாததால் இந்த ஆண்டு ஒரு உதவிப் பேராசிரியர் பணிக்கு என்னால் விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை. என் நெறியாளரிடம் மட்டும் இன்னும் இரண்டு பேர் இதே நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம் இருக்கிறது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிவில் இருக்கும் ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஆள் எத்தனை கோப்புகளைப் பார்க்கிறார் என்று நேரில் பார்த்தேன். முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். இந்த வாரமே ஆய்வேட்டை அடுத்த தேர்வாளருக்கு அனுப்பி, அனுப்பிய தேதியை எனக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர ஆய்வு மாணவி,
தகவல் தொழில்நுட்பத் துறை