வட்டாரப் புகைப்படக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம், நினைவிருக்கும். சூரிய அஸ்தமனத்தைப் படமெடுக்க ஒரே இடம், மரினா அணைக்கட்டின் புல் கூரை. மாதம் ஒரு மாலை, பன்னிரண்டு மாதம். சிங்கப்பூரில் இத்தனை இடம் இருக்க, அதே புல்லில் போய் உட்காருவதா என்று அன்று முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரிச் சந்திப்புக்கு "மாலை 7 மணி, கூரையில்" என்று தகவல் அனுப்பியவன் நான். இங்கே வருடம் முழுக்க அஸ்தமனம் 6.46க்கும் 7.20க்கும் நடுவில்தான், ஜனவரியில் 7.15 வாக்கில். சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தேன். எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வந்து முக்காலியை விரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாம் பூமத்திய ரேகைக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் சாய்ந்து சாவகாசமாக இறங்காது, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராக இறங்கும். அஸ்தமனத்துக்கு முந்தைய பொன்னிற வெளிச்ச நேரத்துக்கு கோல்டன் அவர் என்று பெயர்தான். கையில் கிடைப்பது 25 நிமிடம். பிப்ரவரியிலிருந்து 5.45க்கு வரச் சொன்னேன். சீக்கிரம் வந்தவர்கள் வெயிலில் வெந்ததற்கும் என்னையே திட்டினார்கள்.

ஏப்ரல் கடைசியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் கூரையிலிருந்து பார்த்தால் சூரியன் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் மூன்று கோபுரங்களுக்கு நேர் பின்னால் இறங்குகிறது. கட்டடத்தின் உயரம் ஏறத்தாழ 200 மீட்டர். நமக்கும் அதற்கும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆக, அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே சூரியன் கோபுரங்களின் உச்சியை இணைக்கும் மேல்தளத்துக்குப் பின்னால் போய்விடும். செயலியில் 7.05 என்று போட்டிருந்ததை நம்பி பையைத் திறக்காமல் அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஆனால் தயாராக இருந்த இரண்டு பேருக்கு, கோபுரங்களின் இடைவெளியில் வெளிச்சம் கத்தி மாதிரி வெளியே வந்து நீர்த்தேக்கத்தில் மூன்று நிழலை நீட்டிய படம் கிடைத்தது.

பன்னிரண்டு மாதப் படங்களையும் வரிசையாக வைத்தால் சூரியன் நடப்பது தெரிகிறது. டிசம்பரில் இடது கோடியில் துறைமுகப் பக்கம், மார்ச்சில் நிதி வட்டாரக் கட்டடங்களுக்குள், ஜூனில் சாண்ட்ஸைத் தாண்டி வலது பக்கம். அங்கிருந்து திரும்பிவிடும். சிங்கப்பூர் ஃபிளையர் என்ற ராட்சத ராட்டினச் சக்கரத்துக்குள் சூரியனை வைத்து எடுப்பேன் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் நான்கு மாதம் காத்திருந்தார். இந்தக் கூரையிலிருந்து சக்கரம் வடமேற்கையும் தாண்டி வடக்கே ஒதுங்கி நிற்கிறது. சூரியன் அவ்வளவு தூரம் எந்த மாதமும் வராது. ஜூன் 21 அன்று கேமராவை மூடிவிட்டு, "சரி, அடுத்த ஜென்மத்தில்" என்றார்.

ஜூலையில் ஒரு மாலை மட்டும் தீர்மானத்தை மீறி மெர்லயன் பூங்காவுக்குப் போனோம். அங்கே சூரியன் நம் முதுகுப் பக்கம். ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடங்களின் நிழல் தண்ணீரைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய், சாண்ட்ஸின் கண்ணாடியில் மாடி மாடியாக ஏறியது. மேல்தளத்தில் மட்டும் கடைசியாகக் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. கேமரா நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலை அமைப்பை ஆட்டோவில் விட்டிருந்தவர்களுக்கு அந்த மஞ்சள் கிடைக்கவில்லை. கேமரா அதைக் கோளாறு என்று நினைத்துத் திருத்திவிட்டது. பகல் வெளிச்ச அமைப்பான டேலைட்டில் வையுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

செப்டம்பரில் லேசான புகைமூட்டம். சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி அழகாகத்தான் இருந்தது, கட்டடங்கள் மேல் துளி நிறம் விழவில்லை. நவம்பரில் மழை. அணைக்கட்டின் கூரைக்கடியில் நின்று வெங்காய வடை தின்றுவிட்டுக் கலைந்தோம். மழை விட்டதும் காற்று கழுவிவிட்ட மாதிரி இருந்ததாம், கடைசிவரை இருந்த ஒரே ஒருவர் சொன்னார். அவர் படத்தைப் பார்த்து எல்லாருக்கும் வயிற்றெரிச்சல்.

ஆண்டின் சிறந்த படத்துக்கான ஓட்டெடுப்பில் ஜெயித்தது ஸ்கைலைனே இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். கூரையில் ஒரு சிறுவன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். பட்டம் படத்தில் இல்லை. நூல் மட்டும் மூலைக்கு மூலை, பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி மின்னுகிறது. பின்னால் கோபுரங்கள் வெறும் கருப்பு.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஒரு செலவுக்கு மட்டும் நான் பதில் சொல்லியாக வேண்டும். குழுவின் பொது லென்ஸைத் துணிப்பையில் சுற்றி அலமாரியில் வைத்ததில் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை பிடித்துவிட்டது. சுத்தம் செய்யக் கொடுத்த கடையில் கேட்ட பணத்துக்குப் பழைய லென்ஸே ஒன்று வாங்கிவிடலாம். அதனால்தான் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை பாக்ஸ் பெட்டி வாங்கினோம். ஈரப்பதம் 45 விழுக்காட்டில் இருக்கட்டும். யாரும் முள்ளைத் திருப்ப வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழுவின் யோசனை டக்ஸ்டன் பினாக்கலின் 50ஆவது மாடிப் பாலம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தொகுதிதான் என்றாலும் வெளியாட்கள் கட்டணம் கட்டி ஏறலாம். அங்கிருந்து நகரம் வடகிழக்கே, மாலைச் சூரியன் பின்னால். இந்த வருடம் கருப்பாக எடுத்த அதே கட்டடங்களை நிறத்தோடு எடுக்கலாம். கட்டணத்தைக் குழு ஏற்பதா, அவரவர் கட்டுவதா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், டிரை பாக்ஸின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

செயலாளர்